அண்ணி நடத்திய ஒரு வாரப் பள்ளி

தண்ணீருக்கு டைம்டேபிள் உண்டு என்றால் நம்புவீர்களா? சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திகூட நம்பவில்லை. ஏரி என்ன தியேட்டரா, காட்சிக்குக் காட்சி ஆளை மாற்றி உட்கார வைக்க என்று கலாய்த்தார்கள். பழவேற்காடு ஏரியில் அப்படித்தான். எந்த நாள், எந்த இடத்தில், எந்த வீட்டுக்காரன் இறால் வலை போடலாம் என்பதற்கு ஊர் போட்ட முறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். வலை போடுகிற இடத்தையும் பாடு என்றே சொல்வோம். இன்று உன் பாடு என்றால் அந்தத் தண்ணீர் இன்று உன்னுடையது. நாளை இன்னொருத்தனுடையது. அன்றைக்கு அங்கே இறால் துள்ளிக் குதித்தாலும் நீ கரையில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். மீறினால் ஊர் லிஸ்டில் உன் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போன வீட்டுக்கு ஏரியும் இல்லை. இந்தக் கரையிலேயே பிறந்தும் எனக்கு இதெல்லாம் மேலோட்டமாகத்தான் தெரியும். முழுசாகத் தெரிய வைத்தவள் என் அண்ணி. அவள் இந்தக் கரையில் பிறந்தவளே இல்லை.

அண்ணிக்கு ஆரம்பாக்கம். ஏரிக்கு மேற்கே, ஹைவே பக்கம், ரயில் சத்தம் கேட்கிற வீடு. நெல்லும் எருமையும் பார்த்து வளர்ந்தவள், பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி எங்கள் குப்பத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் படகில் ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கோபம் வந்தால் தெலுங்கில் ஒன்று இரண்டு எண்ணுவாள், பத்துக்குள் அடங்கிவிடும். நான் பி.காம் முடித்துவிட்டு வந்து கொஞ்சம் சீன் போட்டபோது, நண்டைத் தைரியமாகக் கையில் எடுக்கத் தெரியாத டிகிரி என்ன டிகிரி என்று கேட்டாள். நீ மட்டும் எடுப்பாயா என்றேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இந்த வூட்ல நான் ஒருத்தன்தான் ஈரம்" என்றான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் எல்லாமே அவன்தான். அவனுக்கு இரண்டு பெண்கள். பத்து வயதுப் பெரியவளைப் பெரிசு என்றும் ஆறு வயதுச் சின்னவளைச் சின்னது என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம்.

மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் தண்ணீரில் காணாமல் போனான். கூடப் போனது அவனுடைய கூட்டாளி. எங்களுக்கு மாமா முறை. மாமா மட்டும்தான் படகோடு திரும்பி வந்தார். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்துவிட்டது, நான் மேலே வந்து பார்த்தேன், அவன் இல்லை என்றார். ஊரில் இருந்த படகெல்லாம் மூன்று நாள் கடல் பக்கம் தேடியது. இன்னும் இரண்டு நாள் மணலில் நடந்து பார்த்தார்கள். பிறகு போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தராக நிறுத்திக்கொண்டார்கள். நான் ஆபீஸில் சொல்லி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு வந்துவிட்டேன்.

பத்துப் பதினொரு நாள் கழித்து, பள்ளியிலிருந்து பெரிசு ஒரு படிவத்தைக் கொண்டு வந்தாள். அப்பா பெயருக்கு முன்னால் டீச்சர் 'லேட்' என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பிள்ளைக்கு எழுதக் கஷ்டமாக இருக்குமே என்று அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார். அன்று அண்ணி தெலுங்கில் இருபதையும் தாண்டி எண்ணினாள். மறுநாள் பள்ளிக்குப் போய், இந்த ஒரு வாரம் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும், நானே சொல்லித்தருகிறேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது.

நான் ஏதோ பெரிய உதவி செய்கிற மாதிரி நெட்டிலிருந்து பாடமெல்லாம் இறக்கி வைத்தேன். அண்ணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வாரம் நம்ம ஊர்தான் பாடம் என்றாள். சமையல்கட்டுச் சுவரில் சாக்பீஸால் ஆறு கட்டம் போட்டாள். வரலாறு, காற்று, கரை, பாடு, வலை, படகு. ஒவ்வொரு நாளும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு. பாவம், துக்கத்தை மறக்க என்னவோ செய்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

திங்கட்கிழமை பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்தோம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்குமே, அதைப் பார்த்து இரண்டும் பயப்படும் என்று நினைத்தேன். பெரிசு உட்கார்ந்து பொறுமையாக வரைந்தாள். சின்னது ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே போனது. கடைசியில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அத்த, இங்க கீறவங்க எல்லாம் கெடச்சவங்களா?" என்று கேட்டது. அண்ணிதான் ஆமாம் என்றாள். அப்படியே எழுது என்றாள். சின்னதின் நோட்டில் முதல் பக்கத்தில் அந்த ஒரு வரிதான் கோணல் மாணலாக இருக்கிறது: இங்கே இருப்பவர்கள் எல்லாரும் கிடைத்தவர்கள்.

மறுநாள் காற்று. படகில் பசியாவரம் போனோம், மாமாதான் ஓட்டினார். அந்த வாரம் முழுக்க, கேட்காமலேயே காலையில் படகோடு வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தீவில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் அண்ணி பிள்ளைகளை மட்டும் அனுப்பினாள். என்ன கேட்க வேண்டும் என்று முன்னாடியே நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். வாடைக் காற்றில் முகத்துவாரத்தில் ஒரு பொருள் விழுந்தால் எந்தப் பக்கம் போகும்? எத்தனை நாளில் ஒதுங்கும்? எங்கே ஒதுங்கும்? பிள்ளைகள் கேட்க, அவர்கள் சிரித்துக்கொண்டே மணலில் கோடு போட்டுக் காட்டினார்கள். ஒருத்தர் மிதப்புக் கட்டையை எறிந்தே காட்டினார்.

படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. எங்கள் பக்கத்தில், காணாமல் போனவனின் பெண்டாட்டி கரைக்கு வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். கேட்டால் ஆள் செத்துவிட்டான் என்று அவளே சொன்ன மாதிரி, பதில் சொன்னால் இவன் கையால் அவள் தாலியை எடுத்த மாதிரி. அண்ணி வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு வலையைப் பார்ப்பார்கள். நோட்டு வைத்திருக்கிற பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது வீட்டுப்பாடம். அண்ணி நடத்தியது பள்ளிக்கூடமே இல்லை, அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது, பிள்ளைகளை இதற்கெல்லாம் இழுக்காதே என்று சண்டை போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகில் இருந்ததாலா, என் பேச்சாலா, தெரியவில்லை.

புதன்கிழமை, பொருள் ஒதுங்கும் என்று அவர்கள் சொன்ன கடற்கரை மணலில் காலையிலிருந்து நடந்தோம். தெர்மாகோல், தேங்காய், ஒற்றைச் செருப்புகள். ஒவ்வொரு செருப்பையும் அண்ணி திருப்பிப் பார்த்தாள். சின்னது பை நிறையச் சிப்பி பொறுக்கியது. வேறு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமைக்குப் பாடு. ஊர் லிஸ்டை வைத்திருக்கிற பெரியவர் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் பாடு பற்றிப் படிக்கிறார்கள் என்றதும் அவருக்கு ஒரே பெருமை. லிஸ்டை எடுத்து வைத்துத் தானே வாசித்துச் சொன்னார். பெரிசு ஒரு சார்ட்டில் கட்டம் கட்டமாகப் போட்டாள், மேலே தேதி, பக்கவாட்டில் இடம், கட்டத்துக்குள் பெயர். எங்கள் வீட்டு நாளுக்குப் பச்சை கிரயான். பார்க்கச் செமயாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையில் எங்களுக்குப் பச்சை இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. பாடு இல்லாத நாளில்தான் ஆட்கள் கடலுக்குப் போவார்கள், மாமாவும் அப்படித்தானே சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வலை. வெளியே கூடப் போகவில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வலைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு அண்ணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கயிற்றுக் கட்டிலில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிசு வலைக் கண்ணுக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, இறால் வலையில் விரல்கூட நுழையாதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன், தெரிந்த மாதிரி. அங்கே தொங்குவதில் என் முழுக் கையும் நுழைகிறதே என்றாள். நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போ அது கடல் வலையா இருக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

கடல் வலை வீட்டில் இருந்தது. இறால் வலையைக் காணோம்.

பத்து நாளுக்கு மேல் அந்த வலை எங்கள் தலைக்கு மேல் தொங்கியது. குப்பத்தில் வலை போடுகிற எவனைக் கேட்டாலும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பான், இது கடல் வலை, கடலுக்குப் போனவன் இதை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று. ஆம்பிளைகள் யாரும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரவில்லை. அண்ணிக்கு வலை தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொள்ளாமல் இருந்ததைக் கெத்து என்று நினைத்தவள். இறால் வலையை யாரும் கடலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அது ஏரிக்கானது, பாடு முறைக்கானது. பெரிசு சார்ட்டைத் தரையில் விரித்து அந்தச் செவ்வாய்க்கிழமையில் விரலை வைத்தாள். அண்ணி மீன் கையோடு வந்து நின்று பார்த்தாள். தெலுங்கில் எண்ணவில்லை. மாமாவைக் கூப்பிடச் சொன்னாள்.

அவர் வரவில்லை, நாங்கள்தான் போனோம். கரையில் கட்டியிருந்த படகுக்குள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதியாய் வெட்டின கேனை எடுத்துப் படகுக்குள் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார். படகு காய்ந்து கிடந்தது. பெரிசுதான் கேட்டாள்.

"மாமா, கடல் வலை வூட்லயே கீது. நைனா இன்னா வலை எடுத்துக்கினு போச்சு?"

கேன் தரையில் உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. அவர் பிள்ளையைப் பார்க்காமல் அண்ணியிடம் சொன்னார். அன்றைக்கு வடக்குப் பாட்டில் முறை உள்ளவர்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் சும்மா கிடந்தது. எங்கள் முறை வந்த நாளெல்லாம் மழையில் போயிருந்தது. இறால் ஏறியிருந்தது. ஒரே ஒரு தரம் போட்டு எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கூப்பிட்டது மாமாதான். அண்ணன் முதலில் மாட்டேன் என்றிருக்கிறான். அங்கே ஓடை மாதிரி ஆழமாகப் போகிற ஒரு இடத்தில் காற்று திரும்பிப் படகு சாய்ந்தது. வலை அவன் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது.

"கையப் புடிச்சேன்மா. நான் வுடல. அவன் வுட்டான்."

ஊருக்குத் தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு, பெயர் இருந்தால் அவன் முறைக்கு நானே இறங்கி, வருவதில் பாதியைப் பிள்ளைகளுக்குத் தந்துவிடலாம் என்றுதான் முகத்துவாரம் என்று சொன்னேன் என்றார். மூன்று நாள் மற்றவர்களோடு கடலில் தேடுகிற மாதிரி தேடியிருக்கிறார். தினமும் விடிந்ததும் தனியாக வடக்கே போய் மூச்சு முட்டும் வரை முங்கியும் பார்த்திருக்கிறார். ஒரு ஆளால் ஆகிற காரியமா அது? இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இந்த சார்ட்டை மடித்து வையுங்கள் என்று அண்ணியிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் நானும் அவர் கட்சிதான். இதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்லாதே அண்ணி, போனவன் போய்விட்டான், பெயராவது மிஞ்சட்டும், நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்றேன். படித்தவள் மாதிரி, பாயிண்ட் பாயிண்டாகப் பேசினேன். அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு எங்க கீறாருன்னு நெனச்சுக்கினு நீ தூங்குவ?"

சனிக்கிழமை காலை கோயில் பக்கத்து வலைக்கூடத்தில் ஊர் கூடியிருந்தது. வேறு ஏதோ விஷயத்துக்காக. பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை. அண்ணி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வலை மாட்டுகிற ஆணியில் சார்ட்டை மாட்டினாள். ராத்திரி பெரிசு அந்தச் செவ்வாய்க்கிழமையின் வடக்குக் கட்டத்தில், முறை உள்ளவர்கள் பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் நைனா என்று எழுதியிருந்தாள்.

"இது எங்க பசங்க பாடம். தப்பு இருந்தா திருத்துங்க."

லிஸ்ட் வைத்திருக்கிற பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்தார். அவர் சொல்லித்தந்த பாடம்தான். தப்பு இல்லம்மா என்றார். அப்புறம் பின் வரிசையிலிருந்து மாமா எழுந்தார்.

அதே இடத்தில் இரண்டு பெயரையும் நீலப் பேனாவால் அடித்தார்கள். அண்ணன் பெயர், மாமா பெயர். அடித்த மை உலர்வதற்குள் அதே ஆட்கள் கொக்கியும் கயிறும் எடுக்க ஓடினார்கள். எனக்கு அப்போது அது புரியவே இல்லை. இவ்வளவு இரக்கம் இருக்கிறவர்கள் ஏன் அடித்தார்கள், அடித்தவர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள்? முறை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அவர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவில்லை. வடக்குப் பாட்டுக்காரர்கள் அன்றும் மறுநாளும் வலை போடாமல் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலை கிடைத்தது. ஓடையின் அடியில் பழைய மூங்கில் கழிகளில் சிக்கியிருந்தது. நாலு படகுக்காரர்கள் சேர்ந்து இழுத்துச் சேற்று மேட்டில் போட்டார்கள். நாங்கள் படகில் இருந்தோம். அண்ணி கண்ணை மூடவில்லை. வலையை விரித்தார்கள். கருப்புச் சேறு, நண்டு, அழுகின இறால். நடுவில் ஒரு ஓட்டை. கிழிசல் இல்லை. கத்தியால் அறுத்த ஓட்டை, நேராக, ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்கு. அண்ணன் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். பெரியவர்கள் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள், பிறகு தண்ணீரைப் பார்த்தார்கள். யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் பிடிப்பதற்குள் சின்னது இறங்கி ஓடி, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் வெளியே வந்தது. சேறு அப்பின முகத்தோடு என்னைப் பார்த்து, நைனா இது வழியாத்தான் போச்சா என்று கேட்டது. அண்ணி தடுக்கவில்லை. அவளும் இறங்கி அந்த ஓட்டைக்குள் முதலில் கையை விட்டாள், பிறகு தோளை. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

இன்னும் இரண்டு நாள் தேடினார்கள். அவன் இல்லை. வலையோடு கிடைத்திருந்தால் அழுது முடித்து, செய்ய வேண்டியதைச் செய்திருப்போம். கடல் கொண்டுபோய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாலும் காலப்போக்கில் ஆறியிருக்கும். வலையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தவனை என்ன செய்வது? நன்றாக நீந்துகிறவன். அங்கிருந்து பார்த்தால் கரை தெரிகிறது. ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தால் அவன் அந்த ஓட்டையிலிருந்து வெளியே வருகிற வரைக்கும்தான் என்னால் பார்க்க முடிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அண்ணி அதற்கு மேலும் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. சடங்கு எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் அடுத்த நாளே பள்ளிக்குப் போய்விட்டார்கள். அண்ணி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். மாமா குப்பத்தை விட்டே போய்விட்டார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது சித்திரை. பெரிசு எட்டாவது முடித்துவிட்டாள். வடக்குப் பாட்டில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இறங்கிவிட்டது. காலையிலேயே அண்ணியும் பெரிசும் அங்கே அண்ணனைத் தேடி நடந்து போயிருக்கிறார்கள்.